தண்ணீருக்கு வந்த காய்ச்சல்

“போச்சு! மறுபடியும் அணைஞ்சு போச்சு!”

மாப்பிள்ளை போட்ட கூச்சலில், கூடத்தில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

மாப்பிள்ளை என்பது அவருடைய பெயரல்ல. லாரி ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மாமனார் மகள் வீட்டோடு வந்து தங்கிய நாளிலிருந்து வாய் ஓயாமல் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பால் போடுகிறவர், கூரியர்காரர், துணி தேய்க்கிறவர் என்று எல்லாருக்குமே அவர் மாப்பிள்ளையாகிவிட்டார். முன்னந்தலை வழுக்கை விழுந்த பிறகும் தெருவுக்கே மாப்பிள்ளையாக இருப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை துளியும் இல்லை.

“எவ்வளவு தூரம் போயிருந்துச்சு?” என்றாள் மனைவி.

“பாதிக்கு மேல.”

“விட்ட எடத்துலேருந்து ஆரம்பிக்க முடியாதா?”

“நடுவுல அணைஞ்சா ஃபைலே பாழ். திரும்ப முதல்லேருந்துதான்.”

மாப்பிள்ளையின் தொழில், இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்த மாதிரி படமாகக் காட்டுவது. வாசலில் நுழைந்து, படியேறி, ஜன்னல் வழியாக வெயில் விழுகிற தரையில் நடந்து போகிற மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் செருப்பைக் கழற்றலாமா என்று யோசிப்பார்கள். பல வருஷம் ஒரு கம்பெனியில் இதைச் செய்துகொண்டிருந்தவர், போன மாதம் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சொந்தமாகத் தொடங்கியிருந்தார். முதல் வேலை, ஒரு மருத்துவமனை புதிதாகக் கட்டப்போகிற பிரசவ வார்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருத்துவமனைக்காரர்கள் கூடி உட்காரும்போது படம் திரையில் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் வேலை பழைய கம்பெனிக்குப் போய்விடும். அவருந்தான் பின்னாலேயே போக வேண்டியிருக்கும்.

பழைய முதலாளி நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். “போய்ட்டு வாப்பா. உன் நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன், தெனம் தொடச்சு வைக்கச் சொல்றேன்” என்று தோளில் தட்டி அனுப்பியிருந்தார். திட்டி அனுப்பியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அந்தத் துடைத்து வைத்த நாற்காலி மாப்பிள்ளையின் கனவில் வந்து வந்து உட்கார்ந்தது.

இத்தனை பெரிய படத்தைச் சமைத்து எடுக்கச் சாதாரணக் கம்ப்யூட்டர் தாங்காது என்று, தண்ணீரில் குளிர்கிற கம்ப்யூட்டர் ஒன்றை ஒரு தம்பியிடம் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார். பெட்டிக்குள் குழாய், குழாய்க்குள் நீலத் தண்ணீர், அதைச் சுற்றவிட ஒரு பம்ப், ஆறவைக்க ஒரு ரேடியேட்டர். “தண்ணியும் கரண்டும் ஒண்ணா வெச்சுக் குடும்பம் நடத்தறதா?” என்று மனைவி முதல் நாளே கேட்டாள். மாமனாருக்கோ ரேடியேட்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

தம்பி போகும்போது பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனான்.

“சார், ஸ்க்ரீன் ஓரத்துல ரெண்டு நம்பர் இருக்கு பாருங்க. மேல இருக்கறது கம்ப்யூட்டர் மூளையோட சூடு. அது எகிறும், குதிக்கும், எழுவது எம்பதுகூடப் போகும். அதப் பாத்துப் பயப்படாதீங்க. கீழ இருக்கறது தண்ணிச் சூடு. அது நிதானமான ஆளு. மெதுவா ஏறும், மெதுவா எறங்கும். நீங்க தண்ணியத்தான் பாக்கணும்.”

“தண்ணி எவ்வளவு இருக்கலாம்?”

“ரூம் சூட்டவிட அஞ்சாறு டிகிரி கூட இருந்தா நல்லது. பத்தத் தாண்டினா எங்கயோ கோளாறு. முப்பத்தெட்டுக்கு மேல போயி கொஞ்ச நேரம் நின்னா, தானா அணையற மாதிரி வெச்சிருக்கேன். அத மட்டும் மாத்திடாதீங்க. குழாய் விட்டுப்போயி, தண்ணி போர்டுல எறங்கிச்சுன்னா அப்புறம் மொத்தமும் குப்பைக்குத்தான்.” பிறகு நுனியில் மிளகு போல ஒன்று இருந்த மெல்லிய கறுப்பு ஒயரைக் காட்டினான். “இதான் தண்ணிச் சூட்டப் பாக்கறது. ரேடியேட்டர் மேல ஒட்டிட்டேன். இழுத்துடாதீங்க.”

மறுநாள் மாமனார் அறையை ஒழுங்குபடுத்தினார். சும்மா சொல்லக் கூடாது, லாரிக்குள்ளேயே வருஷக்கணக்கில் குடித்தனம் செய்தவர், ஒரு சாமான் கலைந்து கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மேஜையை மூலையோடு மூலையாகத் தள்ளினார். வாரண்டிக்கு வேண்டும் என்று மாப்பிள்ளை தூக்கிப்போட விடாத அட்டைப்பெட்டியை மேஜைக்கு அடியில், சுவரோரமாகச் செருகினார். பழைய போர்வை ஒன்றை அதில் மடித்துப் போட்டார். காலில் சிக்குகிற மாதிரி தொங்கிய ஒயர்களையெல்லாம் சுருட்டி அதே பெட்டிக்குள் தள்ளினார். ஒன்று மட்டும் வர மறுத்தது. லாரிக்காரர் கை, ஒரு சுண்டு சுண்டியதும் வந்துவிட்டது.

“இப்ப பாரு, ரூம் எப்படி இருக்கு!” என்று கையைத் தட்டிக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் செவ்வாய். காலையில் முதல் தடவை அணைந்தது; மறுபடி போட்டு அதுவும் அணைந்தபோதுதான் அந்தக் கூச்சல்.

மாப்பிள்ளை தம்பிக்குப் போன் போட்டார். அவன் அக்கா வீட்டுக்கு வெளியூர் போயிருந்தான், சனிக்கிழமைதான் வருவானாம்.

“தண்ணி எவ்வளவு சார் காட்டுது?”

“முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு.”

“மூளை?”

“அறுவது.”

“மூளை நல்லாத்தான் இருக்கு. ரூம்தான் புழுங்குது. ஏசியப் போட்டுப் பாருங்க சார்.”

போனை வைப்பதற்குள் வாசல் மணி அடித்தது. மாடி வீட்டு டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். ஆடு மாடு பார்க்கிற டாக்டர். தனியாக இருக்கிறவர். அதிர்ந்து பேச மாட்டார். அன்றைக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“சார், எங்க பூனையப் பாத்தீங்களா? சாம்பக் கலர், வால் நுனி வெள்ளையா இருக்கும். நேத்துலேருந்து காணோம். இந்த நேரத்துல அது வெளியில திரியக் கூடாது, ஏன்னா அதுக்கு…”

“டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு உள்ள முப்பத்தெட்டு ஓடிக்கிட்டிருக்கு!”

“காய்ச்சலா? மாத்திரை போட்டீங்களா?”

“எனக்கில்லம்மா, தண்ணிக்கு!” என்று கதவைச் சாத்திவிட்டார் மாப்பிள்ளை.

ஏசி போட்டார்கள். எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார்கள். இன்டர்நெட் ஒயர் பால்கனி வழியாக வருவதால் அந்தக் கதவு முழுசாக மூடாது. அந்தச் சந்து வழியாகப் பாதிக் குளிர் தெருவுக்குப் போனது. இருந்தாலும் சாயங்காலத்துக்குள் வீடு ஐஸ் பெட்டியாகிவிட்டது. மாமனார் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காதில் துண்டைச் சுற்றிக்கொண்டார். மனைவி போர்வையைப் போர்த்திக்கொண்டே காபி கலந்தாள். தண்ணீர்ச் சூடு முதலில் இருபத்தாறுக்கு இறங்கியது. பிறகு மெல்ல மெல்ல ஏறி, முப்பத்தெட்டு புள்ளி ஆறில் போய் நின்றது.

“என்னங்க, குளிரக் குளிர ஏறுது?”

“அதான் எனக்கும் புரியல.”

“எதுத்து நிக்குது மாப்ள,” என்றார் மாமனார், பற்கள் தந்தியடிக்க. “சில வண்டி அப்படித்தான். நீ ஒண்ணு சொன்னா அது ஒண்ணு செய்யும்.”

பெட்டி அணைந்தது.

அன்றைக்கு இன்னொரு வழக்கும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. மேடையில் ஆறவைத்த பாலைக் காணோம். டாக்டர் மாமனாருக்குப் பாலைக் குறைக்கச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது.

“அப்பா, உண்மையச் சொல்லுங்க.”

“சத்தியமா நான் குடிக்கலம்மா!”

“மீசையில ஒட்டலேன்னா குடிக்கலன்னு ஆயிடுமா? பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமாப்பா?”

மனைவி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். வலியில் துடிக்கிறவர்களை “உக்காருங்க, கூப்பிடுவாங்க” என்று ஒரே குரலில் உட்காரவைத்துப் பழகியவள். அந்தக் குரலில் சொன்னால் மாமனாருக்கு எதிர்த்துப் பேச வராது. வாயைத் துடைத்துக்கொண்டு போனார், துடைக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

புதன்கிழமை காலையில் மாப்பிள்ளை பெட்டியைப் போட்டார். ராத்திரி முழுக்க அணைத்து வைத்திருந்த பெட்டி. மூளை இருபத்தேழு. தண்ணீர் முப்பத்தெட்டரை.

தம்பி போனில் சிரித்தேவிட்டான். “வாய்ப்பே இல்ல சார். தண்ணிக்குன்னு சொந்தமா சூடு ஏது? மூளை குடுக்கற சூட்டத்தான் அது சுமந்துக்கிட்டுப் போவுது. சம்பாதிக்காதவன்கிட்ட வாங்கி வட்டிக்கு விட முடியுமா? அந்த ஒயர் ஒட்டினது ஒட்டினபடி இருக்கா பாருங்க.”

மாப்பிள்ளை மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே எல்லா ஒயரும் கறுப்பு. ரேடியேட்டர் பக்கத்தில் ஏதோ ஒன்று டேப் போட்டு ஒட்டியிருந்தது. அது விசிறிக்குப் போகிற ஒயர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

“ஒட்டியிருக்கு தம்பி.”

“அப்ப பம்ப் போயிருக்கும். காதை வெச்சுக் கேளுங்க, பம்ப் ஓடற சத்தம் வருதா?”

மாப்பிள்ளை மேஜைக்கடியில் குனிந்து, பெட்டியின் பின்பக்கம் காதை வைத்தார். முகம் மலர்ந்தது.

“வருது தம்பி! கர்ர்ர்… கர்ர்ர்னு நிதானமா, சுகமா ஓடுது.”

“அப்படியா? பம்ப் அருமையா இருக்கே சார்,” என்றான் தம்பி, குழம்பிப்போய்.

இவ்வளவு நேரமும் பொறுமையாக இருந்த மாமனார் இப்போது வேட்டியை மடித்துக் கட்டினார். “மாப்ள, படிச்ச பசங்க பேச்சக் கேட்டு நேரத்த வீணாக்காத. இது ஏர் லாக். ரேடியேட்டருக்குள்ள காத்து மாட்டியிருக்கு. எத்தன வண்டியில பாத்திருக்கேன்! ஒரு பக்கம் தூக்கு, நான் ஒரு பக்கம் தூக்கறேன். சாச்சு ஒரு குலுக்கு குலுக்கினா காத்து வெளிய வந்துடும்.”

“மாமா, இது லாரி இல்ல.”

“ரேடியேட்டர் ரேடியேட்டர்தான்.”

ஆழம் தெரியாமல் காலை விட்டாகிவிட்டது, இனி சாண் என்ன முழம் என்ன? தூக்கினார்கள். சாய்த்தார்கள். குலுக்கினார்கள். மேஜை ஆடியது, சுவர் இடித்தது, நீலத் தண்ணீர் குளுகுளுவென்று சத்தம் போட்டது. பால்கனிக் கதவு வேறு காற்றில் படக்கென்று ஆடியது. இறக்கி வைத்து, மூச்சு வாங்க ஸ்க்ரீனைப் பார்த்தார்கள். நம்பர் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து. முப்பது. இருபத்தாறு!

“மாமா!” என்று மாப்பிள்ளை மாமனாரைக் கட்டிக்கொண்டார்.

மாமனார் அன்று மத்தியானம் சாப்பிட்ட சாப்பாட்டின் ருசியை அதற்கு முன்னால் அறிந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், பால்காரருக்குச் சொன்னார், தன் பழைய கிளீனருக்குப் போன் செய்து சொன்னார். சொல்லி முடித்துவிட்டு உள்ளே வந்தால், நம்பர் முப்பத்தெட்டு புள்ளி ஆறு. பெட்டி அணைந்து கிடந்தது.

“இன்னும் கொஞ்சம் காத்து இருக்கும்போல,” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மனைவி, சூட்டை வரைந்து காட்டுகிற கோட்டை உற்றுப் பார்த்தாள். மலை மாதிரி ஏறி, பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறியிருந்தது.

“என்னங்க, இந்தப் பள்ளம் எப்ப?”

“குளிக்கப் போயிருந்தேன்.”

“இது?”

“கடைக்குப் போயிருந்தேன்.”

“அப்ப சரி,” என்றாள் அவள் தெளிவாக. “நீங்க ரூம்ல இல்லாதப்ப எறங்குது. உங்களப் பாத்தாதான் அதுக்குச் சூடு ஏறுது.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் கோடு பொய் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை அவர் படத்தைத் தொடங்கிவிட்டு, அறைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, வாசலுக்கு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். மனைவி வேலைக்குப் போய்விட்டாள், மாமனார் தூக்கம். சொந்த வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டருக்குப் பயந்து படியில் உட்கார்ந்திருக்கிற நிலைமை எதிரிக்கும் வரக் கூடாது.

அங்கேதான் டாக்டரம்மா ஒரு கட்டுக் காகிதத்தோடு இறங்கி வந்தார். பூனையின் படம் போட்ட நோட்டீஸ். படிச் சுவரில் ஒன்றை ஒட்டினார். ஓரம் ஒட்டவில்லை, விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

“ஒரு பூனைக்கு இவ்வளவு பாடா டாக்டரம்மா? அதுவா திரும்பி வரும்.”

“நீங்க ஒரு பொட்டிக்காகப் படியில உக்காந்திருக்கீங்க,” என்றார் அவர். கோபமில்லை, களைப்புதான். “வீட்டுக்குள்ள போனா பேச்சுத் துணைக்கு எனக்கு அது ஒண்ணுதான் சார்.”

மாப்பிள்ளைக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எழுந்து, ஒட்டாத அந்த ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொடுத்தார். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்பார். அதற்குள் முதலாளியின் போன் வந்துவிட்டது.

“எப்படிப்பா இருக்கே? சும்மாதான் கூப்பிட்டேன். நாற்காலிக்குப் புதுசா ஒரு மெத்தை போடச் சொல்லியிருக்கேன்.”

பேசிவிட்டு உள்ளே போனார். அறை காலி. மேடையில் பால் காலி. தண்ணீர் முப்பத்தெட்டு புள்ளி ஆறு காட்டியபடியே, அவர் கண்ணெதிரில், பெட்டி அணைந்தது.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை செய்ததையெல்லாம் புத்தி தெளிவாக இருக்கிற மனிதன் செய்ததாகச் சொல்ல முடியாது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து எதிரே வைத்தார். ஃபேனுக்கு முன்னால், ஃப்ரிட்ஜிலிருந்த அத்தனை ஐஸையும் ஒரு பெரிய பேசினில் கொட்டி வைத்தார். ஏசி மேலே, ஃபேன் எதிரே, ஐஸ் கீழே. மாமனாரை எழுப்பி ஐஸ் கரையக் கரைய மாற்றச் சொன்னார். அவரும், நேற்றுப் போன மானத்தை இன்றைக்கு மீட்டுவிடலாம் என்று பேசினை வழியவழிய நிரப்பினார்.

வழிந்தது. தரையில் ஓடியது. ஓடி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடிப் போய்த் தொட்டது.

பட்!

வீடே நின்றுபோனது. ஏசி நின்றது, ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, மாமனாரின் மூச்சும் கொஞ்ச நேரம் நின்றது. டிரிப்பர் ஸ்விட்சை மறுபடி தூக்கிவிட்டால், கம்ப்யூட்டரும் ஏசியும் சேர்ந்து ஓடுகிறபோது உடனே விழுந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை.

மனைவி வந்து கதவைத் திறந்தபோது, அவள் அப்பா இரண்டு ஸ்வெட்டரோடு ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். புருஷன் கம்ப்யூட்டருக்குச் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். அவள் கத்தவில்லை. கைப்பையை வைத்தாள்.

“எல்லாத்தையும் எடுங்க.”

“நாளைக்குச் சாயந்திரம்தான் கடைசிம்மா…”

“தெரியும். ஏசி வேணாம், ஃபேன் வேணாம், ஐஸ் வேணாம். வலியில வர்றவங்கள நாலு பேர் சுத்தி நின்னு நோண்டினா இன்னும் அலறுவாங்க. தனியா விட்டா கொஞ்சம் அடங்குவாங்க. அத தனியா விடுங்க.” பிறகு குரலை இறக்கி, “முடியலேன்னா முடியலங்க. அந்த நாற்காலியும் நாற்காலிதான். உக்காந்தா ஒண்ணும் கொறைஞ்சு போயிட மாட்டீங்க,” என்றாள்.

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளை செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் செய்த எந்தப் படத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. இந்தப் பிரசவ வார்டில், ஜன்னல் ஓரத்துக் கட்டில் மேல் காலை வெயில் விழுகிற இடத்தை மட்டும் அவர் பத்து தடவை மாற்றி மாற்றிச் செய்திருந்தார். அங்கே படுக்கப்போகிற அம்மாவுக்குக் கண் கூசக் கூடாது, பிள்ளைக்குக் கதகதப்பு வேண்டும் என்று. யாரும் கேட்டுச் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. நம்பிக்கை ஏதுமில்லாமல், கடனே என்று படத்தைத் தொடங்கினார். நம்பரைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மேஜைக்குப் பின்னால் என்னவோ பிறாண்டுகிற சத்தம் கேட்டது. பம்பும் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். போகட்டும், எல்லாம் சேர்ந்தே போகட்டும்.

பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தார்.

முப்பத்தேழு புள்ளி ஒன்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். முப்பத்தேழு புள்ளி ஒன்று!

“இங்க வாங்க எல்லாரும்! சத்தம் போடாதீங்க!” என்று சத்தம் போட்டார்.

மூன்று பேரும் பெட்டிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மனைவி வேலைக்கு லீவு சொன்னாள். மாமனார் இருமல் வந்தபோதெல்லாம் தெருவுக்குப் போய் இருமிவிட்டு வந்தார். பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. நம்பர் அந்த முப்பத்தேழைவிட்டு அசையவில்லை. மத்தியானம் தாண்டி, கூட்டத்துக்கு நேரம் இருக்கும்போதே, கடைசிப் படமும் முடிந்து ‘டிங்’ என்றது. மாமனார் விசில் அடித்தார். லாரி போனாலும் விசில் போகவில்லை.

படத்தை அனுப்பினார்கள். சாயங்காலம், அந்த வார்டுக்கு வரைபடம் போட்ட ஆர்க்கிடெக்ட் அம்மாவே போன் செய்தார். “ஓகே சொல்லிட்டாங்க. அந்த ஜன்னலோரக் கட்டில் வந்தப்ப ஹால்ல யாருமே பேசல. அடுத்த மூணு வார்டும் நீங்கதான் பண்ணணும், சரியா?”

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு அழுதார். பிறகு சிரித்தார். முதலாளிக்குப் போன் செய்து, “சார், அந்த நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடுங்க” என்றார். அவர், “சந்தோஷம்ப்பா, ஆனா மெத்தை போட்டாச்சே” என்றார்.

வாசல் மணி அடித்தது. டாக்டரம்மா. கையில் நோட்டீஸ் கட்டு பாதியாகியிருந்தது. முகம் அதைவிடப் பாதியாகியிருந்தது.

“சார், உங்க பால்கனி பக்கம் ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்…”

“உள்ள வாங்கம்மா, உக்காருங்க, மொதல்ல ஒரு வாய் காபி குடிங்க!” என்று மாப்பிள்ளை கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார். செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவை வாசலோடு துரத்தியது இப்போதுதான் உறுத்தியது. “நாங்க எல்லாருமே சேர்ந்து தேடறோம். பெட்டி சரியாயிடுச்சு, இனிமே எனக்கு வேற வேலை இல்ல!”

சந்தோஷம் தாங்கவில்லை. தேடப் போவதற்கு முன்னால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பெட்டிக்கு முன்னால் நின்று, ஒரு வகுப்பே எடுத்துவிட்டார்.

“இந்தத் தண்ணிச் சூடு இருக்கு பாருங்க, சாமானியமில்லம்மா. நாலு நாளா ராப்பகலா முப்பத்தெட்டரை. பெட்டிய அணைச்சு வெச்சாலும் அதே முப்பத்தெட்டரை. ஏசி போட்டா ஏறுது. நான் ரூம விட்டுப் போனா எறங்குது, வந்தா ஏறுது. கர்ர்ர்னு ஒரு சத்தம் வேற.”

டாக்டரம்மா காபிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்.

“காலையிலேருந்து என்ன மாயமோ, தானா எறங்கி முப்பத்தேழு. அப்பப்ப பிறாண்டற சத்தம் மட்டும் வருது. பம்ப்பா இருக்கும்.”

“பிறாண்டுதா?”

“ஆமா. அந்த அட்டப்பெட்டிப் பக்கத்துலேருந்து.”

“அந்தப் பெட்டிய நான்தான் மடிச்ச போர்வையெல்லாம் போட்டு நீட்டா வெச்சேன்,” என்றார் மாமனார் பெருமையாக. “ஒயரெல்லாம்கூட அதுக்குள்ளதான்.”

மனைவி, காலியான பால் பாத்திரத்தையும் தன் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டாக்டரம்மா கோப்பையைக் கீழே வைத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மேஜைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். நான்கு நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“ஒரு டார்ச்சும் ரெண்டு பழைய துணியும் கொண்டாங்க சார். பூனைக்கு ஒடம்புச் சூடே முப்பத்தெட்டரைதான். அது முப்பத்தேழா எறங்கியிருந்தா, எங்க பூனை இன்னிக்கே குட்டி போட்டுடும்.”